இரண்டுக்கு ஒன்று

டிசம்பர் 14, ஞாயிறு

தலைவர் தோற்றுவிட்டார். இருபத்து நான்குக்கு இருபத்து மூன்று.

இதை எங்காவது எழுதி வைக்காவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். அதனால் பீரோவிலிருந்து ஒரு நோட்டை எடுத்தேன். ஏதோ ஒரு ஊர்ப் பட்டிமன்றத்தில் பொன்னாடையோடு சேர்த்து இவருக்குக் கொடுத்தது. அட்டையில் திருவள்ளுவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் யாரிடமும் சொல்ல மாட்டார்.

தலைவர் என்றால் என் வீட்டுக்காரர் தெய்வநாயகம். மதுரையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் உரிமையாளர் சங்கத்துக்கு ஒன்பது வருடமாகத் தலைவர். வெளியூர்களில் பட்டிமன்றப் பேச்சாளர். நோட்டீசில் "சொல்லருவி" என்று போடுவார்கள். எந்தத் தலைப்பானாலும் மக்களாட்சிக் கட்சிதான் பேசுவார். "அரசன் தவறினால் குடி அழும், மக்களாட்சியில் குடி நினைத்தால் அரசன் அழுவான்" என்று இவர் முடிக்கும்போது கைதட்டல் ஓய ஒரு நிமிடம் ஆகும்.

இன்று அரசன் அழவில்லை. மொட்டைமாடிப் பந்தலில் மைக்கைப் பிடித்து, புதுத் தலைவர் முத்திருளனுக்கு வாழ்த்துச் சொன்னார். ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர் முத்திருளன். மூன்று வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது. அவரிடம் தோற்றதுதான் இவருக்கு ஆறவில்லை. வீட்டுக்குள் வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் மேஜையில் பட்டியலை விரித்தார்.

"இருபத்து நாலு பேர் வாக்குக் கொடுத்தான். ஒருத்தன் கழுத்தறுத்துட்டான். எவன்னு தெரியணும்."

"தீர்ப்பு எப்படி வந்தாலும் தோத்தவங்க ஏத்துக்கணும்ங்க. அதுதானே ஜனநாயகப் பண்பு" என்றேன்.

இவர் சொன்ன வாசகம்தான். நான்கு வருடமாக நாக்கிலேயே வைத்திருந்தேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி பட்டியலுக்குப் போய்விட்டார். பட்டியலில் பன்னிரண்டாவது வரி எங்கள் வீடு. அதற்கு நேரே பேனாவால் அழுத்தமாக ஒரு டிக்.

டிசம்பர் 15, திங்கள்

துணி ஊறப்போட்டேன். முருங்கைக்காய் சாம்பார். அத்தைக்குப் பத்து மணிக் காபி.

எழுதிவிடுகிறேன். அந்த ஓட்டு என்னுடையது.

இதில் சிரிப்பு என்னவென்றால், எனக்கு ஓட்டு வாங்கிக் கொடுத்ததே இவர்தான். வாடகைக்கு இருப்பவர்கள் எல்லாம் முத்திருளன் பக்கம் சாய்கிறார்கள் என்று போன வருடம் ஒரு விதியைக் கொண்டுவந்தார். பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் ஓட்டு. அவருக்குப் பதிலாகக் கணவனோ பிள்ளையோ போட முடியாது. கடனுக்கு வட்டி குறையும் என்று எங்கள் வீட்டை என் பெயரில் பதிந்ததே இவருக்கு மறந்துபோயிருந்தது. நினைவு வந்தபோதும் கவலைப்படவில்லை; விதி ஓட்டுப் போடத்தான், தேர்தலில் நிற்க இல்லை. "மேல போய் என் பேருக்கு நேரா முத்திரை குத்திட்டு வந்துரு, குக்கர்ல விசில் வர்றதுக்குள்ள வந்துரலாம்" என்றார்.

விசில் வருவதற்குள் வந்துவிட்டேன்.

டிசம்பர் 17, புதன்

சந்தேகப் பட்டியல் ஆறு பேருக்குச் சுருங்கியிருக்கிறது. ஒவ்வொருவராகக் காபிக்குக் கூப்பிட்டு நாடி பிடிக்கிறார். காபி போடுவது நான். அவர்கள் முகத்தை ஆராய்கிற இவர் முகத்தை நான் ஆராய்கிறேன். இத்தனை வருடத்தில் இவ்வளவு ஆசையாக நான் காபி ஆற்றியதில்லை.

டிசம்பர் 19, வெள்ளி

வெள்ளிக்கிழமை ஆனால் அம்மா நினைவு வந்துவிடும். எங்கள் வீட்டுக்குள் ஓட்டெடுப்பு நடந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை.

நான்கு வருடத்துக்கு முன் அம்மாவுக்குப் பக்கவாதம். கோவில்பட்டியில் தம்பி வீட்டில் இரண்டே அறை, அவன் பெண்டாட்டி கைக்குழந்தைக்காரி. இங்கே கூட்டிவந்து வைத்துக்கொள்ளலாம், மகள் கல்யாணமாகிப் போன அறை சும்மாதானே கிடக்கிறது என்று கேட்டேன். இவர் உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். "நான் சர்வாதிகாரி இல்ல. வீட்டுல ஓட்டெடுப்பு வெச்சுருவோம்" என்றார். இவர், இவர் அம்மா, நான். மகள் போனில் தனக்கும் ஓட்டுக் கேட்டாள். வீட்டை விட்டுப் போனவளுக்கு ஓட்டு இல்லை என்றுவிட்டார்.

இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கை தூக்கச் சொன்னார். வேண்டாம் என்பவர்கள் என்றதும் தன் கையைத் தூக்கிவிட்டு, தன் அம்மாவைப் பார்த்தார். அத்தை கையைத் தூக்கினார். சட்னி ஒட்டிய கை.

"இரண்டுக்கு ஒன்று. முடிஞ்சது. தீர்ப்பு எப்படி வந்தாலும் தோத்தவங்க ஏத்துக்கணும், அதுதான் ஜனநாயகப் பண்பு."

தம்பி அம்மாவை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தான். நாற்பத்தோராம் நாள் போன் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். யார் குளிப்பாட்டினார்கள் என்று கேட்டேன். யாருக்கும் பெயர் தெரியவில்லை.

இவரை நான் மன்னிக்கவில்லை. சட்னிக் கையையும் மன்னிக்கவில்லை.

டிசம்பர் 20, சனி

அத்தை காபி ஆறிப்போயிருக்கிறது என்றார். மார்கழி, ஆறத்தான் செய்யும் என்றேன்.

டிசம்பர் 24, புதன்

ஆறு பேர் ஒருவராகச் சுருங்கிவிட்டார்கள். தரைத்தளத்துச் சகாயமேரி.

கணவன் போனபின் வீட்டில் இரண்டு பெரிய கிரைண்டர் போட்டு மாவு அரைத்து விற்கிறவள். எங்கள் தெருவில் பாதி வீட்டு இட்லி அவள் கையில்தான் பூக்கிறது. குடியிருப்பில் வியாபாரம் கூடாது என்று விதி இருக்கிறது. இவர் தலைவராக இருந்தவரை அதைக் கண்டுகொள்ளவில்லை. தேர்தலுக்கு மறுநாள் சகாயமேரி முத்திருளன் வீட்டுக்கு ஒரு தூக்கு மாவு கொடுத்தனுப்பினாளாம். அதுதான் சாட்சி.

"உப்பிட்டவனை மறந்துட்டா பார்த்தியா" என்றார்.

அவள்தான் நமக்கு மாவு கொடுத்தாள், நாம் அவளுக்கு எப்போது உப்பு கொடுத்தோம் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. இவர் தப்பான கதவைத் தட்டுகிறார் என்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. இருந்ததை இல்லை என்று எழுத முடியாது.

டிசம்பர் 26, வெள்ளி

கடைக்குப் போகும்போது இவர் ஒரு கவரைக் கொடுத்துத் தபால் பெட்டியில் போடச் சொன்னார். போட்டேன். ஒட்டியிருந்தது, உள்ளே என்ன என்று நான் பார்க்கவில்லை. மேலே மின்வாரிய உதவிப் பொறியாளர் என்று இருந்தது. அனுப்புநர் பெயர் இல்லை.

கறிவேப்பிலை வாங்க மறந்துவிட்டேன்.

ஜனவரி 5, திங்கள்

மின்வாரியத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வீட்டு இணைப்பில் வியாபாரம் நடக்கிறது என்று மொட்டைக் கடிதம் வந்ததாம். மீட்டரைப் பார்த்தார்கள், கிரைண்டரைப் பார்த்தார்கள், இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் வேலை அது.

சகாயமேரி வாசற்படியில் நின்று, "பொங்கலுக்கு எம்பது வீட்டுக்கு ஆர்டர் எடுத்துருக்கேன் சார். ஊறவெச்ச அரிசி அங்கிட்டு அண்டாவுல கெடக்கு, அதையாச்சும் அரைச்சுக்கிறேனே" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். இவர் பால்கனியில் நின்று செய்தித்தாள் படித்தார். பக்கத்தைத் திருப்பவே இல்லை.

நான் சமையலறை ஜன்னலை மூடினேன்.

ஜனவரி 8, வியாழன்

சகாயமேரி ஊறிய அரிசியைக் கோயில் மாட்டுக்குக் கொட்டிவிட்டாளாம்.

ஜனவரி 12, திங்கள்

நான் சொல்ல வேண்டுமா? சொன்னால் இவர் யார் என்று ஊருக்குத் தெரியும். சொல்லாவிட்டால் இவர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வேகிறார். எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது. சகாயமேரிக்கு முத்திருளன் ஏதாவது வழி செய்வார். ஜெயித்தவர் அவர்தானே.

இன்று அவளைப் படிக்கட்டில் பார்த்தேன். "அக்கா, சார் ஏன் எங்கிட்ட முகம் கொடுத்துப் பேச மாட்டேங்குறாரு? நான் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டேன். மாதா மேல சத்தியம்" என்றாள்.

"எனக்கு என்ன தெரியும்" என்றேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபிறகும் அந்த வாக்கியம் வாயிலேயே கசந்தது.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

பால் பொங்கிற்று. பாக்கெட் மாவு வாங்கினோம். இட்லி கல்லு மாதிரி. இவர் ஒன்றும் சொல்லாமல் ஐந்து சாப்பிட்டார்.

ஜனவரி 18, ஞாயிறு

குடியரசு தினத்துக்கு மொட்டைமாடியில் பட்டிமன்றம். சங்கம் வருடாவருடம் நடத்துவது. முத்திருளனுக்கு இதெல்லாம் தெரியாது என்பதால் ஏற்பாட்டை இவரிடமே விட்டுவிட்டார். தலைப்பை இவரே வைத்திருக்கிறார்: மக்களாட்சி வரமா, சாபமா?

இருபது வருடம் வரம் என்று பேசியவர் இப்போது சாபத்துக்குத் தலைமை. இரண்டு அணியிலும் ஒரு பெண் இருந்தால்தான் பட்டிமன்றம் களைகட்டும் என்பது வழக்கம். வர வேண்டிய பேராசிரியை கால் பிசகிப் படுத்துவிட்டாராம்.

"வரம் அணிக்கு நீ பேசிரு. மூணு பாயின்ட் எழுதித் தர்றேன். நீ உக்காந்ததும் நான் எந்திரிச்சுப் பதில் சொல்லி முடிச்சு வெச்சுருவேன்" என்றார்.

"சரிங்க" என்றேன்.

மூன்று குறிப்பும் வந்தன. ஒன்று, மக்களே மன்னர்கள். இரண்டு, பேச்சுச் சுதந்திரம். மூன்று, அந்தக்காலத்திலேயே குடத்தில் ஓலை போட்டோம். மூன்றையும் ஒரே ஊதில் அணைக்கிற மாதிரி எழுதியிருக்கிறார். பொன்னாடை ஒன்றை வெட்டி எங்கள் மிக்ஸிக்கு உறை தைத்தேன். பீரோவில் இன்னும் முப்பத்தாறு இருக்கிறது.

ஜனவரி 22, வியாழன்

அத்தைக்கும் பட்டிமன்றம் பார்க்க வேண்டுமாம். நாற்காலி போட்டு முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும். மகனும் மருமகளும் எதிரெதிராகப் பேசுவதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது. ரசத்தில் உப்பு குறைச்சல் என்றார். ரத்தக்கொதிப்புக்கு நல்லது என்றேன்.

ஜனவரி 26, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நடுவராக வந்தவர் கல்லூரிப் பேராசிரியர், நல்ல தொப்பை, நல்ல குரல். காலையில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்ததும் பந்தலில் ஆரம்பித்தார்கள். எனக்கு முன்னால் இவருக்கு ஒரு முறை, எனக்குப் பின்னால் பதில் சொல்ல இன்னொரு முறை. என்னதான் இருந்தாலும் இவர் பேசினால் கேட்கத் தோன்றும், அதை மறுக்க மாட்டேன்.

"நடுவர் அவர்களே, நோய் வந்தா வைத்தியர்கிட்ட போறோமா, இல்ல தெருவுல நிக்கிற நூறு பேரைக் கூப்பிட்டுக் கை தூக்கச் சொல்றோமா?" என்று ஆரம்பித்தார். பந்தல் சிரித்தது. படித்தவனுக்கும் ஒரு ஓட்டு, படிக்காதவனுக்கும் ஒரு ஓட்டு. எண்ணத் தெரிந்த ஆட்சிக்கு எடை போடத் தெரியாது என்றார். நியாயமாகவும் இருந்தது. அப்புறம் குரலை இறக்கினார். "எல்லாத்தையும்விடப் பெரிய சாபம் எது தெரியுமா? மறைவு. முகத்துக்கு நேரா ஒன்னு சொல்லிட்டு, மறைவுல போய் வேற ஒன்னு செய்யலாம். நம்ம கட்டடத்துலயே ஒருத்தங்க இருக்காங்க. ஒன்பது வருஷம் என் நிழல்ல பிழைச்சவங்க. மாவு மாதிரி வெள்ளை மனசுன்னு நெனைச்சேன். புளிக்க ஒரு ராத்திரி போதும்னு தெரியாமப் போச்சு."

பந்தலில் அத்தனை தலையும் சகாயமேரி பக்கம் திரும்பியது. அவள் கடைசி வரிசையில் இருந்தாள். எழுந்து போகவும் முடியாமல், உட்காரவும் முடியாமல், முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

நடுவர் என் பெயரைக் கூப்பிட்டார். இவர் எழுதிக் கொடுத்த தாளை மடித்து மைக்குக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"எனக்கு முன்னாடி பேசினவர் சொன்னது அத்தனையும் உண்மை" என்றேன். என் அணியிலேயே ஒருவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "பெரும்பான்மை தப்புப் பண்ணும். எனக்குத் தெரியும். எங்க வீட்டுல ஒரு ஓட்டெடுப்பு நடந்துச்சு. எங்க அம்மாவைக் கொண்டுவந்து வெச்சுக்கலாமா, வேணாமா? இரண்டுக்கு ஒன்னு. அம்மா நாப்பத்தோரு நாள்ல செத்துப்போனாங்க. சட்டப்படி எல்லாம் சரியா நடந்துச்சு."

இவர் தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்தார். குடிக்கவில்லை.

"நாலு வருஷமா யோசிச்சேன். அது மக்களாட்சியா? சோறு போடுறவரு எதிர்ல உக்காந்து முகத்தையே பார்த்துக்கிட்டு, யாரெல்லாம் வேணாம்னு கேட்டா, அது ஓட்டு இல்லைங்க. அது வருகைப் பதிவு. மறைவுதான் சாபம்னு சொன்னார். மறைவு ஒன்னுதான் வரம். பயந்தவ பயப்படாம நிக்கிறதுக்குக் கிடைக்கிறது அந்த அரை நிமிஷம்தான். எனக்குப் போன மாசம் பதினாலாந்தேதி கிடைச்சுது. சகாயமேரி இவருக்குத்தான் ஓட்டுப் போட்டா. முத்திருளன் சாருக்குப் போட்டது நான்."

இவர் முகத்தைப் பார்த்தேன். அதைப் பார்க்கத்தான் பேசினேன். சகாயமேரிக்காக என்று எழுதினால் நாளைக்கு நானே நம்பிவிடுவேன். நாற்பத்தோரு நாளும் அந்த முகத்தில் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். ஒரு நாள் தெரிந்தது. வாய் திறந்திருந்தது, சொல்லருவியில் ஒரு சொட்டு இல்லை.

நடுவர் என்ன தீர்ப்புச் சொன்னார் என்று கேட்கவில்லை. நேராகச் சகாயமேரியிடம் போனேன். நன்றி சொல்வாள் என்று நினைத்துவிட்டேன், வெட்கமாக இருக்கிறது.

"அன்னைக்குப் படிக்கட்டுலயே சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள். "எம்பது வீடும் பாக்கெட் மாவுக்குப் போயிருச்சு. இனி எவ்வளவு நல்லா அரைச்சாலும் பாதிதான் திரும்பும்."

"அந்தக் கடிதத்தைப் பெட்டியில போட்டதும் நான்தான்" என்றேன். அதை மேடையில் சொல்லவில்லை. கைதட்டலுக்கு நடுவில் வசதியாக விட்டுப்போயிருந்தது.

அவள் என்னைத் திட்டவில்லை. நாற்காலிகளை அடுக்கப் போய்விட்டாள்.

ஜனவரி 27, செவ்வாய்

காலை இட்லிக்கு உட்கார்ந்ததும் இவர் பேசினார். நேற்றிலிருந்து முதல் பேச்சு.

"பட்டிமன்றத்துக்காகச் சுவையா இருக்கட்டும்னு சொன்னேன், உண்மை இல்லைன்னு சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துரு. நான் டைப் பண்ணி வெச்சுருக்கேன். கையெழுத்து மட்டும்தான்."

"மாட்டேன்."

"நான் சர்வாதிகாரி இல்ல" என்றார். நிஜமாகவே அதே வார்த்தை. "ஓட்டுக்கு விடுவோம். செண்பகம் கையெழுத்துப் போடணும்ங்கிறவங்க கை தூக்குங்க." தன் கையைத் தூக்கினார். தன் அம்மாவைப் பார்த்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டுக்கு ஒன்று. கையெழுத்துப் போட மாட்டேன், பெட்டியை எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போவேன், போகிற வழியில் முப்பத்தாறு பொன்னாடையையும் பிளாட்பாரத்தில் விரித்துவிட்டுப் போவேன். அதுவரை மனதில் கணக்குப் போட்டுவிட்டேன்.

அத்தை கையைத் தூக்கவில்லை.

"சீட்டுல எழுதிப் போடுவோம்ப்பா" என்றார்.

"மூணு பேருக்கு எதுக்கும்மா சீட்டு?"

"நேத்து இவ சொன்னாளே. அந்த மாதிரி."

இவர் செய்தித்தாள் ஓரத்தைக் கிழித்து மூன்று துண்டு செய்தார். வேண்டும் என்றால் டிக், வேண்டாம் என்றால் பெருக்கல். அத்தை தன் துண்டை வாங்கிக்கொண்டு எழுந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்துப் பூஜை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் இட்லியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அரை நிமிடத்துக்கு மேலேயே ஆயிற்று. வந்து, எட்டாக மடித்த துண்டைச் சர்க்கரை டப்பா மூடியில் போட்டார்.

இவர்தான் பிரித்தார். ஒரு டிக். ஒரு பெருக்கல். எட்டாக மடித்ததை நகத்தால் பிரிக்க நேரமாயிற்று. பெருக்கல். கை நடுங்கிப் போட்டது, ஒரு கோடு தாளை விட்டே வெளியே போயிருந்தது.

"இரண்டுக்கு ஒன்று" என்றேன். இவர் எழுந்து கைகழுவப் போனார். தண்ணீர் விழும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

தட்டுகளை எடுக்கும்போது அத்தை என் கையைப் பிடித்தார். "அன்னைக்கும் சீட்டுல கேட்டிருந்தா நல்லாருந்திருக்கும்த்தா" என்றார். மாத்திரை டப்பாவைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

நான் அடுப்படியில் வந்து நின்றேன். நான்கு வருடம். ஒரு நாளைக்கு இரண்டு காபி. ஒவ்வொன்றையும் போட்டு, ஆறும்வரை அடுப்பு மேடையிலேயே வைத்துக் காத்திருந்து கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். சகாயமேரி விஷயத்தில் இவர் தப்பான கதவைத் தட்டியதைப் பார்த்து எத்தனை நாள் உள்ளுக்குள் சிரித்தேன்.

பத்து மணிக்குக் காபி போட்டு உடனே எடுத்துப் போனேன். அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏத்தா, நாக்கு சுட்டுருச்சு" என்றார்.